குகதாசன் மாமாவின் மத்தியானச் சாப்பாடு

நோர்பரி, லண்டன்
14.09.2024

அன்பு மருமகள் கம்சிகாவுக்கு, லண்டனிலிருந்து குகதாசன் மாமா.

முதலில் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதுகிற வேகத்தில் மறந்துபோவேன். நான் கருங்கல்லுப்போல இருக்கிறேன். போன மாதம் என்னைப் பரிசோதித்த டொக்டர் காதுக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, "மிஸ்டர் குகதாசன், இது நாற்பது வயதுக்காரனின் இதயம்" என்றார். மாமி சுகம். மகன் நிசாந்தன் வேலையில் பெரிய ஆளாகிவிட்டான். அங்கே அம்மாவின் முழங்கால் எப்படி? பரந்தனில் மழை தொடங்கிவிட்டதா?

வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்டிருந்தாய். எனக்கு அது ஒத்துவராது பிள்ளை. அந்த வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது. கடிதம் என்றால் அம்மாவுக்கும் நீ இருந்து வாசித்துக் காட்டலாம்.

நீ யாழ்ப்பாணத்தில் சினிமா படிக்கிறாய், இத்தாலியில் போர் முடிந்த கையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி உனக்குப் பாடம் நடக்கிறது, மாமாவுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாய். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய்! நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன், ஆனால் படிப்பு என்னை விடவில்லை. லண்டன் வருவதற்கு முன் இத்தாலியில் இருந்தேனே, ஒரு பெரிய ஹோட்டலில் மனேச்சர் மாதிரி. கோப்பை கழுவுகிற பகுதி முழுக்க என் பொறுப்பு. கீழ்மாடியில் இருந்த கிழவர் அந்தப் படங்களிலே நடித்தவர். தெருவிலே போனவரைப் பிடித்து இழுத்து நடிக்கவிட்டார்களாம். நடிப்பு நுணுக்கம் எல்லாம் என்னிடம்தான் கேட்பார்.

இங்கேயும் புதன்கிழமைகளில் பின்னேரம், வயதுபோனவர்களுக்கு ஒரு மண்டபத்தில் பழைய இத்தாலிப் படம் போடுகிறார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் இலவசம், ஹீற்றரும் நல்ல சூடு. நான் அதற்காகப் போவதில்லை. அறிஞர் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். போன கிழமை ஒரு படம். போரிலே வீடு இடிந்துபோன கிழவி ஒருத்தி, அடுப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, வாடகைக்கு அறை தேடிப் படம் முழுக்க நடக்கிறாள். கடைசியில் அறை கிடைத்ததா என்று காட்டாமலே மண்டபத்து விளக்கைப் போட்டுவிட்டான்கள். "மிச்சத்தைப் போடு" என்று நான் எழும்பிச் சத்தம் போட்டேன். மிச்சம் இல்லையாம்.

நீ கவலைப்படாதே. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிழவிக்குக் கட்டாயம் மாடிவீடு கிடைத்திருக்கும்.

அம்மாவுக்கு அன்பு.
மாமா


பரந்தன்
10.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பத்திரமாக வந்தது. அம்மா இரண்டு தரம் வாசிக்கவைத்தா. மாடிவீடு என்ற இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அண்ணை சின்னனிலயும் இப்பிடித்தான், ஆடு காணாமல் போனால் அது பட்டணத்தில வேலைக்குப் போட்டுது எண்டு சொல்லுவார்" என்றா. முழங்கால் நோகிறதுதான். ஆனால் தோட்டத்தை விடமாட்டா.

மாமா, எங்கள் சேர் ஒன்று சொன்னார். போர் முடிந்தபோது ரோமில் இருந்த பெரிய ஸ்டூடியோவில் அகதிகளைக் குடியேற்றியிருந்தார்களாம். சினிமா செட்டுகள் இருந்த இடத்தில் சனம் துணி காயப்போட்டதாம். அதனாலும்தான் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்களாம். எனக்கு உடனே எங்கள் முகாம்தான் ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் நான் அங்கே தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்றேன். எங்களைப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் குண்டு விழுந்ததைத்தான் கேட்டார்கள். அந்த வரிசையை ஒருவரும் எடுக்கவில்லை. இத்தாலிக்காரர் வரிசையை எடுத்திருக்கிறார்கள்.

இறுதி ஆண்டுக்கு நான் ஒரு படம் செய்யவேண்டும். போரால் பிரிந்த ஒரு குடும்பத்தின் மத்தியானச் சாப்பாடு. இரண்டே மேசைகள்: ஒன்று அம்மாவுடையது, மற்றது உங்களுடையது. தங்கச்சி பரந்தனில், அண்ணன் லண்டனில். வேறு கதை இல்லை. நீங்கள் சம்மதிக்காவிட்டால் எனக்குப் படமே இல்லை. செய்வீர்களா மாமா?

மாமிக்கும் நிசாந்தன் அண்ணைக்கும் எங்கள் அன்பு.
கம்சிகா


நோர்பரி
03.11.2024

என் கலைஞர் மருமகளுக்கு,

நானும் வீட்டாரும் பரிபூரண சுகம். அம்மாவை முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச்சொல்.

சம்மதமா என்று ஒரு கேள்வி கேட்டாய்! அறுபத்தெட்டு வயதில் கதாநாயகனாக அறிமுகமாகப்போகிறேன் என்று லண்டன் றோட்டிலே எல்லாக் கடைக்காரருக்கும் சொல்லிவிட்டேன். தலைமுடிக்கு மை வாங்கியாயிற்று. நிசாந்தனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டு இருக்கிறது. மாமி பன்னிரண்டு கறி வைப்பதாகச் சொல்கிறாள். முதற்காட்சியில் நான் படியால் இறங்கி வருகிறேன். பின்னால் தவில். சாப்பிட்டு முடித்ததும் உலக சமாதானத்தைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு. எப்படி?

கமராமன் என் உயிர்ச் சிநேகிதன் பஸ்தியாம்பிள்ளை. இளவாலை ஆள், வேதக்காரர், சேர்ச்சுக்குத் தவறாதவர். அவரும் மனைவி பெர்னடெற்றும் இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிடாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. நான் பெரிய மனது பண்ணிப் போவேன்.

கதையை விரைவில் அனுப்பு. வசனம் பாடமாக்க வேண்டும்.

உன் கதாநாயகன்,
மாமா


பரந்தன்
01.12.2024

அன்பின் மாமா,

நாங்கள் சுகம், வெள்ளம் மட்டும் வாசல் வரைக்கும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. உங்கள் குளிர் எப்படி?

வசனம் இல்லை மாமா. தவிலும் இல்லை. உங்கள் பேச்சை நினைத்து நானும் அம்மாவும் சிரித்தோம். ஆனால் சேர் வைத்த சட்டம் கடுமையானது. நீங்கள் நாளாந்தம் சாப்பிடுகிற இடம், நாளாந்தம் சாப்பிடுகிற சாப்பாடு, நாளாந்தம் கூட இருந்து சாப்பிடுகிற ஆட்கள். போனை ஓர் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக்கூடாது. நடிக்கக்கூடாது. அவ்வளவுதான்.

அம்மாவுடையதை எடுத்துவிட்டேன். முதலில் புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து இருந்தா. பிறகு அடுப்பு ஞாபகம் வந்து எல்லாம் மறந்துபோய் அம்மாவாகிவிட்டா.

உங்களுடையது மே மாதத்துக்குள் வேண்டும். அம்மா மச்சாளைப் பார்க்க ஆசையாக இருக்கிறா. "இரண்டு தீபாவளிக்கு அவவின்ர குரலே கேக்கேல்லை" என்கிறா.

அன்போடு,
கம்சிகா


நோர்பரி
09.01.2025

அன்பு மருமகள்,

புதுவருசம் உங்களுக்குச் சுகத்தையும் எனக்குப் புகழையும் கொண்டுவரட்டும்.

படம் நேற்று வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். பார்த்திருப்பாய். எப்படி எங்கள் வீடு? அந்தப் பெரிய மேசை தேக்கு. பின்னால் அடுப்படியில் நிற்பது மாமி. வெட்கத்தில் முகம் காட்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள், முதுகு மட்டும்தான் விழுந்திருக்கிறது. பக்கத்து அறையில் கேட்கிற சிரிப்பு நிசாந்தன். நான் எவ்வளவு இயல்பாகச் சாப்பிடுகிறேன் என்று கவனித்தாயா? மூன்று தரம் மீன்குழம்பு விட்டேன். மூன்றாம் தரம் விட்டது நடிப்புக்காக இல்லை.

பஸ்தியாம்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பொறாமை.

சேரிடம் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று விபரமாக எழுது. அம்மா மகிழ்ந்திருப்பாள்.

மாமா


பரந்தன்
27.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரித்து நீட்டி எழுத இப்போது நேரமில்லை. வீட்டில் பெரிய பிரச்சினை.

படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தொடக்கத்தில் சந்தோசமாகத்தான் இருந்தா. திடீரென்று, "நிப்பாட்டு, நிப்பாட்டு! சுவரில என்ன அது?" என்றா. உங்கள் தலைக்கு மேலே இயேசுவின் திருவிருதயப் படம். அதற்குக் கீழே சிவப்பு பல்ப் வேறு எரிகிறது. "கம்சி, அண்ணை வேதத்துக்கு மாறிட்டாரோ?" என்று கேட்டு எழும்பி நின்றுவிட்டா. நான் இல்லையென்று சமாளித்துத் திரும்ப ஓடவிட்டேன். அடுத்த நிமிடம் மாமி பின்னுக்கு நின்றபடி நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று தொட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடியே சாப்பிட இருக்கிறா.

அம்மா அழுதுவிட்டா மாமா. "மாறினால் மாறட்டும். அங்க இருக்கிற தனிமைக்கு ஆர் ஆரோ வந்து கூப்பிட்டிருப்பினம். எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்கச்சொன்னா. சுவர்க் கலண்டரின்படி நீங்கள் படம் எடுத்தது வெள்ளிக்கிழமை என்பதையும், மரக்கறி நாளில் மீன் சாப்பிட்டதையும் நான் அவவுக்குச் சொல்லவில்லை.

உடனே பதில் போடுங்கள்.
கம்சிகா


நோர்பரி
15.02.2025

மருமகளுக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். அம்மாவுக்கு உடனே வாசித்துக் காட்டு.

தங்கச்சி சிவனேசு, உன் அண்ணன் பிறந்த சமயத்திலேயே இருக்கிறான். போன சனிக்கிழமைகூட லூயிஷாம் சிவன் கோயிலில் நான் வந்து சேரும்வரை பூசையைப் பிந்தித்தான் தொடங்கினார்கள். மச்சாள் தோளிலும் நெற்றியிலும் தொட்டது நுளம்பு கடித்ததற்கு. லண்டனில் நுளம்பு இல்லை என்று யார் உனக்குச் சொன்னது? தைமாதத்தில் குளிருக்குப் பயந்து எல்லாம் வீட்டுக்குள்ளே வந்துவிடும்.

சுவரில் இருந்த படம் முழுக்க முழுக்கக் கலை. நான் புதன்கிழமைகளில் பார்த்த இத்தாலிப் படங்களில் முக்கால்வாசியில் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது. மருமகள் இத்தாலிப் பாணியில் எடுக்கிறாள், நாங்கள் பிள்ளையாரை மாட்டிவைத்தால் சேர் என்ன நினைப்பார்? அதனால் பஸ்தியாம்பிள்ளையிடம் இரவல் வாங்கி மாட்டினேன். இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் உலக அனுபவம் வேண்டும்.

படம் சேருக்குப் பிடித்ததா என்று நீ எழுதவேயில்லை.

மாமி சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
மாமா


பரந்தன்
06.03.2025

அன்புள்ள மாமா,

அம்மா சமாதானமாகிவிட்டா. நுளம்பை நம்பிவிட்டா. இந்தக் கடிதத்தை நான் அவவுக்கு வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டேன்.

சேர் பார்த்தார். "மாமா நல்ல நடிகர். அதனால் இது சரிவராது" என்றார். நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல் எடுக்க எழும்பினீர்கள். எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று கதவைத் திறந்தீர்கள்.

அந்த வீட்டு அன்ரிக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். மீன்குழம்பு நல்ல நிறமாக இருந்தது.

மாமா, நான் உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எங்கள் மேசையில் அப்பாவின் பக்கம் பதினைந்து வருசமாகக் காலிதான். அம்மாவைப் படமெடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் கமராவில் விழாமல் திருப்பிவைக்கவா என்று கேட்டேன். "ஏன், இருக்கட்டுமே" என்றுவிட்டு ரசத்தை ஊற்றினா. போர் முடிந்த பிறகு சனம் எப்படி இருக்கிறது என்பதுதான் படம். எல்லோரும் நிறைந்திருக்கிற மேசை கிடைத்தால்தான் எடுப்பேன் என்றால் நான் எந்த வீட்டுக்குப் போவது?

உங்கள் மேசையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் இருக்கட்டும். ஒருவரும் இல்லாவிட்டால் கதிரை இருக்கட்டும். அதுவும் உங்களுக்கு ஏலாது என்றால் எழுதுங்கள். படத்தை விட்டுவிடுகிறேன், வேறு ஏதாவது செய்வேன். கோபம் இல்லை.

குளிருக்கு உடம்பைக் கவனியுங்கள்.
உங்கள் கம்சி


நோர்பரி
02.05.2025

கம்சிகாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. வேலை அதிகம்.

பொய். வேலை இல்லை. உன் கடிதத்தை மடித்து மடித்துக் கோட்டுப்பையில் வைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. நேற்றுப் பிறந்த பிள்ளை எனக்குக் கதிரையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்று பஸ்தியாம்பிள்ளையிடம் சத்தம் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தாசன், அந்தப் பிள்ளை கேட்டதில என்ன பிழை?" என்றார். இரண்டு ஞாயிறு அவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை. பெர்னடெற் ஒரு டப்பாவில் சோற்றைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனா.

புதன்கிழமைப் படங்களுக்கு மட்டும் தவறாமல் போனேன். ஒரு படத்தில், போருக்குப் பிறகு வேலை பறிபோன ட்ராம் சாரதி ஒருவன். வீட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் சீருடை போட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வெளிக்கிட்டு, ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போகிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தா. "இதிலே நடிப்பு ஒன்றும் இல்லையே" என்று நான் பெரிதாக விமர்சனம் சொன்னேன். "இல்லைத்தான்" என்றா அவ. அதற்குப் பிறகு என்னால் பிஸ்கட் சாப்பிட முடியவில்லை.

படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். போனை அரிசிப் பைக்குச் சாத்தி வைத்தேன். முதல் தரம் கழுத்தில் ரை கட்டினேன். பிறகு கழற்றினேன். எத்தனையோ தரம் எடுத்தேன், எல்லாவற்றிலும் நான் கதைத்துக்கொண்டே இருக்கிறேன். யாரோடு என்று கேளாதே. கடைசியில் ஒன்றில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். சோறு, பருப்பு, முதல்நாள் கத்தரிக்காய். அறை சின்னதாகத் தெரிந்தால் அது போனின் பிழை. கீழே மரக்கறிக் கடை, ஜன்னலால் பார்த்தால் லண்டன் றோட்டு முழுதும் தெரியும், அரசனுக்கும் இந்தக் காட்சி கிடைக்காது.

அம்மாவுக்குத் திடுதிப்பென்று காட்டாதே. பக்கத்தில் இருந்து முதலில் பக்குவமாகச் சொல். என்ன சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும். இந்தமுறை மாமி சுகம் கேட்டதாக நான் எழுதவில்லை.

மாமா


பரந்தன்
12.06.2025

அன்புள்ள மாமா,

உங்கள் உடம்பு சுகம்தானே? அதை முதலில் கேட்டு எழுதச்சொன்னது அம்மா.

மாமியும் நிசாந்தன் அண்ணையும் உங்களோடு இல்லைப் போல, நீங்கள் தனியத்தான் இருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படியே எழும்பினா. தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கினா. வந்து கை கழுவும்போதுதான், "எவ்வளவு காலமாம்?" என்றா. தெரியாது என்றேன். "கேக்காதை. எழுதுறதை எழுதட்டும்" என்றா.

போன வெள்ளிக்கிழமை படம் போட்டோம். சின்ன மண்டபம், ஆனால் ஊர்ச்சனமும் வந்திருந்தது. முன் வரிசையில் அம்மா. முதலில் அம்மாவின் மேசை ஓடியது. திரையில் தன்னைப் பார்த்து, "கொண்டை அவிழ்ந்து கிடக்கு, ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று எனக்குப் பேச்சு விழுந்தது.

பிறகு நீங்கள். தொடக்கத்தில் கமராவைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தீர்கள் அல்லவா, பெடியள் எல்லாம் சிரித்தார்கள். நீங்கள் சாப்பிடத் தொடங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. மாமா, நீங்கள் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்போது அம்மா, வீட்டில் பேசுவதுபோல, திரையைப் பார்த்துப் பேசினா:

"அண்ணை, ஆறுதலாச் சாப்பிடுங்கோ. ஒருத்தரும் பறிச்சுக்கொண்டு போகமாட்டினம்."



கோப்பையை எடுத்துக்கொண்டு நீங்கள் எழும்பிப் போன இடத்தோடு வெட்டச்சொல்லி சேர் சொல்லியிருந்தார். நான் வெட்டவில்லை. மேசை, கதிரை, ஜன்னலில் ஒரு சிவப்பு பஸ் போகிறது. நீங்கள் வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, "எங்க போட்டார்? திரும்பி வருவாரோ?" என்று கேட்டா. பதில் சொல்வதற்குள் படம் முடிந்துவிட்டது. வெளிச்சம் வந்த பிறகும் அம்மா அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடி இருந்தா.

அன்போடு,
உங்கள் கம்சி


நோர்பரி
29.06.2025

அன்புள்ள கம்சிகாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு அதை முதலில் வாசி.

இங்கே எல்லாரும் இப்போது என்னை அக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீழ்க்கடைக்காரர் கத்தரிக்காய்க்குக் காசு வாங்கவில்லை. வாங்கினார், கொஞ்சம் குறைத்து வாங்கினார்.

சிவனேசுவுக்கு இதைச் சொல்லிவிடு. மேசையை விட்டு எழும்பி நான் எங்கேயும் போகவில்லை. இந்த அறையில் போவதற்கு இடமும் இல்லை. தண்ணீர்க்குழாய் வலக்கைப் பக்கம் இருக்கிறது, அரிசிப் பையடியில் நிற்கிற போனுக்கு அது தெரியாது. கோப்பையைக் கழுவிவிட்டு, கமரா இன்னும் ஓடுகிறதே, திரும்பப் போய் அந்தக் கதிரையில் இருக்கலாமா, இருந்தால் அது நடிப்பாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டு, கை ஈரம் காய அங்கேதான் நின்றேன் என்று சொல்.

மாமா